சிவப்புக்கு முன் வரும் வெள்ளை

கொல்கத்தாவின் கிடர்பூரில் உள்ள ஃபேன்சி மார்க்கெட்டுக்குக் கப்பலில் வந்த பொருள் கிடைக்கும் இடம் என்றொரு பழைய பெயருண்டு. துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கடைவீதியில் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் தேடி வந்தார்கள்; இன்று கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் தொங்குகின்றன. சென்ற சனவரி மாத மாலையொன்றில் அங்கே ஒரு தமிழ் மாணவி கைவிளக்கு வாங்கச் சென்றார். கடலாமைகளைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். நகரத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் வங்காளத்தைவிட இந்தியே அவர் நாவுக்கு எளிதாக இருந்தது. கிடர்பூரில் அது ஒரு குறையே அன்று. அங்கே கடைமொழி இந்தியும் உருதும் கலந்தது. முதல் கடையில், 'லால் பத்தி' உள்ள டார்ச் இருக்கிறதா என்று கேட்டார். கடைப் பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிப்புக்குக் காரணம் சொல்லில் இருந்தது. 'பத்தி' என்பதன் மூலம் திரியைக் குறிக்கும் 'வர்த்தி' என்ற வடசொல். தமிழின் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் அந்த வேரிலிருந்து வந்தவையே. இந்தியில் அதே சொல் விளக்காகி, 'லால்' என்ற அடையோடு சேர்ந்து பல பொருள்களைச் சுமக்கிறது. சாலைச் சந்திப்பில் வாகனங்களை நிறுத்துவது ஒன்று. 2017 மே 1 முதல் நீக்கப்படும்வரை அமைச்சர்களின் வாகனக் கூரையில் சுழன்றுகொண்டிருந்த அதிகாரச் சின்னம் மற்றொன்று. ஆங்கிலத் தொடரொன்றின் மொழிபெயர்ப்பாக வந்து நிலைத்துவிட்ட மூன்றாவது பொருள், பாலியல் தொழில் நடக்கும் தெருக்களைக் குறிப்பது. துறைமுகப் பகுதியில், விளக்கேற்றும் நேரத்தில், தனியே வந்த ஓர் இளம்பெண்ணின் வாயிலிருந்து அத்தொடர் வரும்போது முதலிரண்டு பொருள்களும் ஒதுங்கிக்கொள்ள மூன்றாவது முன்னே வந்து நின்றது. இருளைக் கெடுக்காமல் பார்க்க உதவும் விளக்கு என்ற நான்காவது பொருளுக்கு அந்த வீதியில் இடமிருக்கவில்லை. இரண்டாவது கடையில் அவர் தொடரை மாற்றி, 'வெளிச்சம் சிவப்பாக வரும் டார்ச்' என்று சுற்றிவளைத்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, பொருளும் கிடைக்கவில்லை.

அவரிடம் ஏற்கெனவே ஒரு கைவிளக்கு இருந்தது. அதன் அட்டைப் பெட்டியில் 'சிவப்பு ஒளி வசதி உண்டு' என்றே அச்சிட்டிருந்தது. அது பொய்யன்று. ஆனால் அவ்விளக்குக்குப் பொத்தான் ஒன்றே. முதல் அழுத்தலில் முழு வெள்ளை, இரண்டாவதில் மங்கிய வெள்ளை, மூன்றாவதில் விட்டுவிட்டு மின்னும் வெள்ளை, நான்காவதில்தான் சிவப்பு. சிவப்பை அடைய விரும்புபவர் மூன்று வெள்ளைகளைக் கடந்தாக வேண்டும். வாங்கிய நாளில் விடுதி அறையின் குழல்விளக்கடியில் அதைச் சோதித்தபோது இந்த வரிசை ஒரு குறையாகவே அவருக்குத் தோன்றவில்லை.

குறை தெரிந்தது முந்தைய ஆண்டின் களப்பணியில், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ரிஷிகுல்யா ஆறு கடலில் கலக்கும் கரையில். ஹவுராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில் பாதை அம்மாவட்டத்தின் வழியேதான் போகிறது. குளிர்காலத்தின் கடைசியிலும் அதையடுத்த வாரங்களிலும் அங்கே ஆலிவ் ரிட்லி ஆமைகள் பெருங்கூட்டமாகக் கரையேறி முட்டையிடுவதுண்டு. தமிழில் அவற்றுக்குப் பங்குனி ஆமை என்று பெயர். வரும் மாதத்தையே உயிரினத்தின் பெயராக்கியிருக்கிறார்கள் கரையோர மக்கள். வனத்துறையின் அனுமதி பெற்ற ஒரு சிறு குழுவோடு மாணவி அங்கே சென்றிருந்தார். கூட்ட வருகை தொடங்காத, தனித்தனி ஆமைகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்த இரவு அது. நீர்க்கோட்டிலிருந்து பத்தடி ஏறி வந்திருந்த ஆமையொன்றை அவர் கண்டார். நேரத்தைக் குறித்துக்கொள்வதற்காகக் கைவிளக்கின் பொத்தானை விரைந்து நான்குமுறை அழுத்தினார். விரல் ஈரமாக இருந்தது. முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதற்கும் இடையே இரண்டு விநாடிகள் போயின. அந்த இரண்டு விநாடிகள் கரை பகலாக இருந்தது. வெளிச்சம் அணைந்தபின் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. கண் மீண்டும் பழகியபோது மணலில் வளைந்து திரும்பிய தடம் மட்டுமே இருந்தது.

தரவுத்தாளில் அவர் எழுதியது: 'முட்டையிடாமல் திரும்பியது.' காரணம் என்ற கட்டத்தில்: 'தெரியவில்லை.'

இருளுக்குப் பழகுவது என்று நாம் எளிதாகச் சொல்வது கண்ணுக்குள் நடக்கும் மெதுவான வேதிவினை. விழித்திரையில் நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்கள் சுமார் 60 இலட்சம். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி. குச்சி செல்களில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி ஒளிபட்டவுடன் வெளுத்துவிடுகிறது. இருளில் மெல்ல மெல்லத்தான் மீள்கிறது. முழுமையாக மீள முப்பது நிமிடங்களுக்கு மேலும் ஆகலாம். ஆனால் அந்நிறமி எல்லா நிறத்துக்கும் ஒரேபோல் மயங்குவதில்லை. 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைக்கு அது மிகக் கூருணர்வு உடையது. 620-க்கு மேற்பட்ட சிவப்பைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே மெல்லிய சிவப்பொளியில் கூம்பு செல்கள் எழுத்தைப் படிக்கும். குச்சி செல்கள் தம் இருளைக் காத்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே கவனித்துச் சொன்னதும் இதன் மறுபக்கமே: அந்தி சாயும்போது சிவப்பு மலர்கள் நீல மலர்களுக்கு முன்பே கறுத்துவிடுகின்றன. காளி கோயில் வாசலில் செம்பருத்தி மாலை விற்பவர் கூடையை அந்தியில் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். இலை இன்னும் தெரியும்; பூ இருண்டிருக்கும்.

இவ்வளவும் அறிந்தவர்தான் அந்த மாணவி. அறிவு இருந்தது, பொத்தானின் வரிசையை மட்டும் அவர் அந்த அறிவோடு சேர்த்துப் பார்த்திருக்கவில்லை.

மூன்றாவது கடை வீதியின் உட்புறம் இருந்தது. கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். மாணவி சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கும்முன்பே பெரியவர் கேட்டார்: "கப்பலுக்கா, பேட்டி?" அவர் இளமையில் சரக்குக் கப்பல்களில் பணிசெய்தவர். கிடர்பூரில் அது வியப்பல்ல. 1892இல் திறக்கப்பட்ட துறைகளுக்குக் கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றில் வந்து, மதகுக் கதவுகள் வழியே கப்பல்கள் நுழைகின்றன. அவற்றில் ஏறிப் போனவர்களின் குடும்பங்கள் தலைமுறைகளாக இப்பகுதியில் வாழ்கின்றன. இரவில் கப்பலின் கட்டளைத் தளத்தில் விளக்கு எரியாது என்று பெரியவர் விளக்கினார். கடல்வரைபடம் விரித்த மேசையின்மேல் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் தாழ்ந்த ஒளியில். முதல் பயணத்தில், அறியாமல் அங்கே தீக்குச்சி உரசிவிட்டு வாங்கிய வசவு அவருக்கு இன்னும் நினைவிருந்தது. "தீக்குச்சி என் கையில். குருடானவர் எதிரே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்."

"எனக்குக் கப்பலுக்கில்லை, சாச்சா. ஆமைக்கு," என்றார் மாணவி. பெரியவர் அதற்கும் சிரிக்கவில்லை. ஆமைக்குக் கண் எப்படி என்று மட்டும் கேட்டார்.

அது சரியான கேள்வி. மனிதக் கண்ணுக்கு நல்லது ஆமைக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. கடலாமைகளின் பார்வை நீலத்திலும் பச்சையிலும் கூர்மையானது; நீண்ட அலைநீளம் கொண்ட சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல அது குறைகிறது. குறைகிறது என்பதற்கு இல்லை என்று பொருளன்று. பிரகாசமான சிவப்பை ஆமையும் காணும், மனிதனின் குச்சி செல்லும் காணும். சிவப்பு என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. அளவும் நேரமும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் ஆமை எளிதில் மிரளும். முட்டையிடத் தொடங்கியபின் புறத்தொல்லைகளுக்கு அது அவ்வளவாக அசைவதில்லை. ஆகையால் தேர்ந்த களப்பணியாளர்கள் முட்டை விழத் தொடங்கும்வரை எந்த நிற விளக்கையும் எரிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கடலின்மேல் தெரியும் வெளிறிய அடிவானத்தை நோக்கி நகர்வது அவற்றின் இயல்பு; ஊரின் விளக்குகள் அதைவிட வெளிச்சமாக இருந்தால் அவை நிலத்தை நோக்கிப் போய் மடிகின்றன. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு நகரத்தின் வெளிச்சமும் ஒரு காரணம்.

பெரியவர் நான்கு கைவிளக்குகளை எடுத்து வைத்தார். மேசைக்கடியில் ஒரு பழைய குறுந்தகடு இருந்தது. அதன் பளபளப்பான பக்கத்தில் ஒவ்வொரு விளக்கின் சிவப்பையும் பட்டுத் தெறிக்கச் செய்தார். முதல் விளக்கில் சிவப்போடு ஆரஞ்சும் மெல்லிய பச்சையும் விரிந்தன. அது வெள்ளை விளக்கின்மேல் சிவப்பு மூடி போட்டது. மூடி மெலிது, வெள்ளை கசிகிறது. இரண்டாவதில் சிவப்பு மட்டுமே விரிந்தது. ஆனால் அது மின்னிமின்னி எரியும் சிவப்பு, மிதிவண்டியின் பின்னால் மாட்டுவதற்கானது. மூன்றாவது நன்றாக இருந்தது. மாணவி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோது அதன் பிடியின் அடியில், மின்னேற்றம் எவ்வளவு என்று காட்டும் ஒரு நீலப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வழியில்லை. ஆமைக்கண் மிகுதியாக அறியும் நிறத்தைப் பின்புறம் ஏந்திய சிவப்பு விளக்கு!

நான்காவது, சாயம் போன பழைய சரக்கு. சிவப்புக்கும் வெள்ளைக்கும் அதில் தனித்தனிப் பொத்தான்கள். சிவப்பின் பொத்தானை அழுத்தினால் சிவப்புதான் வரும். அதுவும் முதலில் மங்கலாக வந்து, அழுத்திப் பிடித்தால்தான் கூடும். எங்கும் கிடைக்கும் பென்சில் செல்கள் இரண்டு போதும். சார்ஜர் வேண்டாம், கரையோரச் சிற்றூரின் பெட்டிக்கடையிலும் மாற்றுச் செல் வாங்கலாம். பெரியவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் இருளுக்குள் விளக்கை எரித்துக் காட்டினார். பெட்டியின் உட்புறம் கறுப்பு மையில் எழுதியிருந்த சரக்கு எண் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் குறித்திருந்த விலை தெரியவே இல்லை. "விலையில்லாத பொருள்," என்று பெரியவர் சொன்னபோதுதான் இருவரும் சிரித்தார்கள்.

விலை மறைந்த அந்தச் சிறு வேடிக்கை மாணவிக்கு இன்னொன்றையும் உணர்த்தியது. சிவப்பொளியில் வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் ஒரே நிறம். முந்தைய ஆண்டு அவர் தரவுத்தாளில் ஐயத்துக்குரிய பதிவுகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார். கரையில் அந்தத் தாளைச் சிவப்பு விளக்கில் பார்த்தவர் எவருக்கும் ஒரு பதிவுகூட ஐயத்துக்குரியதாகத் தெரிந்திருக்காது.

கிடர்பூருக்கு ஒளியை அடக்கிவைக்கும் பழக்கம் புதிதல்ல. 1942 டிசம்பர் 20 இரவு கொல்கத்தாவின்மேல் ஜப்பானியக் குண்டுகள் முதன்முறையாக விழுந்தன. போர்க்கால இருட்டடிப்பில் தெருவிளக்குகளுக்கு மூடி போட்டார்கள்; வெளிச்சம் கீழே மட்டும் விழ வேண்டும், மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அந்த மூடியை வங்காளிகள் 'டுலி' என்றார்கள். செக்குமாட்டின் கண்ணுக்குக் கட்டும் மறைப்புக்கும் அதே பெயர். மாட்டுக்குக் கட்டியதை விளக்குக்குக் கட்டினார்கள். இரண்டிலும் நோக்கம், எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே மட்டும் பார்ப்பது. 1943 டிசம்பர் 5 அன்று கிடர்பூர்த் துறைகளின்மேல் நடந்த தாக்குதல் பட்டப்பகலில் வந்தது. நூற்றுக்கணக்கான துறைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். எந்த மூடியும் அன்று உதவவில்லை. எனினும் வெளிச்சம் எரிப்பவருக்கு மட்டும் உரியதன்று, அது எங்கோ இருக்கும் இன்னொரு கண்ணிலும் போய் விழுகிறது என்ற பாடத்தை அந்த ஆண்டுகளில் இந்நகரம் கற்றிருந்தது. இன்று ஆமைக் கரைகளை ஒட்டிய விளக்குகளுக்கு மூடியிடச் சொல்லும் விதியும் அதே பாடம்தான். அன்று அஞ்சியது வானிலிருந்து வந்த கண்ணுக்கு. இன்று காக்க விரும்புவது கடலிலிருந்து வரும் கண்ணை.

தமிழ் பொதுவாக வெளிச்சத்தின் பக்கம் நிற்கும் மொழி. ஒன்றைப் புரியவைப்பது 'விளக்கம்'; அது 'விளக்கு' என்ற வினையின் பிள்ளை. உண்மை 'வெட்ட வெளிச்சம்' ஆகிறது. மறைந்தது 'வெளிச்சத்துக்கு' வருகிறது. ஆய்வாளர்களின் மொழி இந்த உருவகங்களிலேயே வளர்கிறது. விளக்கை எடுத்துக்கொண்டு போனால் பொருள் இருந்தபடியே தெரியும், விளக்கு பொருளை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை அவற்றுக்குள் இருக்கிறது. சமூகமொழியியலில் வில்லியம் லபாவ் 'நோக்குநர் முரண்' என்று சுட்டியது இந்த நம்பிக்கையின் விரிசலைத்தான். மக்கள் கவனிக்கப்படாதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிய வேண்டும். கவனிக்காமலோ அதை அறிய முடியாது. ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தவுடன் வட்டார வழக்கு எழுத்துத் தமிழாக நிமிர்ந்து உட்கார்வதைக் களத்துக்குப் போன எவரும் கண்டிருப்பார்கள். அப்போது பலரும் செய்வது, அந்தப் பத்து நிமிடங்களை வெட்டிவிட்டுப் பேச்சு இயல்பான இடத்திலிருந்து எழுதத் தொடங்குவது. கருவி மேசைக்கு வந்த கதை ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. 'தெரியவில்லை' என்ற கட்டம் நிரம்புவதும் இப்படித்தான்.

மாணவி நான்காவது விளக்கையே வாங்கினார். விடுதிக்குத் திரும்பிய அன்றிரவு மொட்டைமாடிக்குச் சென்று சோதிக்க முயன்றார். கிடர்பூரின் வானம் துறைமுக விளக்குகளால் வெளுத்திருந்தது. சோதிக்கத்தக்க இருள் அங்கே கிடைக்கவில்லை. இறங்கிவந்து, மூட்டைகள் அடுக்கிய சாமான் அறையில் கதவைச் சாத்தி, அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தார். முதலில் எதுவும் இல்லாதிருந்த இடத்தில் மெல்லக் கதவின் கீழ் விளிம்பு தெரிந்தது. பிறகு மூட்டைகளின் உருவம். பிறகு தன் கை. அதன்பின் சிவப்பை ஒரு நிமிடம் எரித்து அணைத்தார். மூட்டைகள் மறையவில்லை. கதவின் விளிம்பும் இருந்தது. வெள்ளைப் பொத்தானின்மேல் மருத்துவ ஒட்டுப்பட்டையை இரண்டு சுற்று ஒட்டினார், ஈரவிரல் தவறி அழுத்தினாலும் அமுங்காதபடி. சிவப்புப் பேனாவை மேசையறையில் விட்டுவிட்டுப் பென்சில் ஒன்றைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டின் களப்பணியில் ஓர் இரவு, அவருக்கு இருபதடி தொலைவில் ஒரு பங்குனி ஆமை ஏறியது. அவர் விளக்கை எரிக்கவில்லை. பின்துடுப்புகள் மணலை வாரி வீசும் ஓசை நெடுநேரம் கேட்டது, பிறகு நின்றது. குழுவின் மூத்தவர் மெல்லத் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டுக் கையசைத்த பின்னரே சிவப்பு எரிந்தது. ஓட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுவதற்கு வேண்டிய நேரம் மட்டும் எரிந்து அணைந்தது.

கொல்கத்தா திரும்பியபின் அவர் தரவுத்தாளின் வடிவத்தை மாற்றினார். காற்று, அலை, நிலவு ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: எங்கள் விளக்கு, நிறம், எரிந்த நேரம். புதிய பதிவுகளை நிரப்பி முடித்ததும் முந்தைய ஆண்டின் கோப்பைத் திறந்தார். ஆமைகள் எவரும் தொல்லை செய்யாமலேயே சில இரவுகளில் திரும்பிப் போவதுண்டு. ஆகவே காரணம் என்ற கட்டத்தில் இருந்த 'தெரியவில்லை'யை அவர் அழிக்கவில்லை, அது உண்மைதான். அதன் பக்கத்துக் கட்டத்தில் எழுதினார்: 'வெள்ளை. 2 விநாடி. ஆமை நீர்க்கோட்டிலிருந்து பத்தடியில்.' பிறகு கோப்பைச் சேமித்து நெறியாளருக்கு அனுப்பினார்.